நாற்பத்தெட்டுப் பல்

ஏழாவது பித்தளை வட்டமும் வீணாய்ப் போனது.

எர்வின் கவ்லிக் அதை லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் பிடிவாயிலிருந்து கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். முதல் பத்துப் பல் அச்சில் அடித்தது போல நின்றன. பன்னிரண்டாவதில் லேசான சாய்வு. முப்பதைத் தாண்டியதும், மதுக்கடை மூடும் நேரத்தில் வெளியே வருகிற சுரங்கக்காரர்கள் மாதிரி ஒன்றன் தோளில் ஒன்று சரிந்து நின்றன. மற்ற ஆறும் கிடந்த வாளியில் அதை வீசினான். சத்தத்துக்கு, கொட்டகையின் மேல்தளத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று சிறகடித்து அடங்கின.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கடிகாரம் ஓட வேண்டும்.

அது செருப்புப் பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டிக் கடிகாரம். பந்தயப் புறா வீடு திரும்பியதும், அதன் காலில் போட்டிருக்கும் எண் அடித்த ரப்பர் வளையத்தைக் கழற்றி இந்தப் பெட்டிக்குள் போட்டுப் பிடியைத் திருக வேண்டும். உள்ளே காகிதச் சுருளில் நேரம் பதியும். பந்தயத்துக்குக் கூடை ஏற்றும் மாலையில், எல்லாருடைய கடிகாரத்தையும் புறாப் பந்தயச் சங்கத்தின் தலைமைக் கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். மூன்று விநாடிக்கு மேல் முந்தினாலோ பிந்தினாலோ முத்திரை விழாது. முத்திரை இல்லாதவனின் புறா, பறக்கவிடும் ஊருக்குப் போகிற லாரியில் ஏறாது.

ஜூலையில் கூண்டு ஏணியிலிருந்து இறங்கும்போது எர்வின் அந்தப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டான். உள்ளே நாற்பத்தெட்டுப் பல் சக்கரம் ஒன்றில் மூன்று பல் போயிற்று. பித்தோம் நகரில் கடிகாரம் பழுது பார்க்கிறவன் பெட்டியைத் திறந்ததுமே மூடிவிட்டான். "இதுக்குப் பல்சக்கரமா? இந்தக் கம்பெனிக்காரன் செத்து, அவன் பையனும் செத்தாச்சு. நீயே வெட்டிக்கோ" என்றான். அவன் கேலியாகத்தான் சொன்னான். எர்வின் ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு வெட்ட உட்கார்ந்துவிட்டான்.

417 மட்டும் இல்லையென்றால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டான். நீலச் சிறகில் கறுப்புப் புள்ளி போட்ட ஐந்து வயதுப் பெட்டை அது. காலில் கழற்றாமல் கிடக்கும் உலோக வளையத்தின் கடைசி மூன்று எண்தான் அதன் பெயர். இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் மக்டபுர்க் நகரிலிருந்து. அந்தப் பெட்டைக்கு இப்போது கூட்டில் குஞ்சு. பந்தயத்தன்று அதற்கு ஆறு நாள் வயதாகியிருக்கும். ஆறு நாள் குஞ்சை விட்டுப் போன பெட்டை எந்த மழையிலும் எந்த எதிர்காற்றிலும் வீட்டுக்கு வந்து சேரும். பத்து நாள் ஆனால் அந்த வெறி போய்விடும். தேதியைக் கணக்குப் பார்த்து மே மாதத்திலிருந்தே ஜோடி சேர்த்து, முட்டையை மாற்றி, அதை இந்த வாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அடுத்த வருடம் பெட்டைக்கு ஆறு வயது. அப்புறம் அது பறவையில்லை, கூண்டில் ஒரு வாய்.

வெட்டுவதற்கு அவன் போட்ட திட்டத்தில் குறை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. மூடிப்போன தொழிற்பள்ளியிலிருந்து வாங்கிய லேத் அது. குட்டைக்கால் நாய் ஒன்றின் நீளம்தான் இருக்கும். வழக்கமாக லேத்தில் மாட்டிய உலோகம் சுழலும், வெட்டுகிற கத்தி அசையாமல் நிற்கும். இங்கே அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பித்தளை வட்டம் அசையாமல் இருக்க, கத்தி சுழல வேண்டும். அதனால் கைக்குள் அடங்குகிற மினி கிரைண்டரை மூக்கு கீழே பார்க்கும்படி நிமிர்த்தி, முன்னும் பின்னும் நகரும் குறுக்கு ஸ்லைடின் மேல் ஒரு அலுமினியக் கட்டையில் பொருத்தினான். அதன் முனையில், உடைந்த டிரில் பிட்டைத் தீட்டிச் செய்த ஒற்றைப் பல் கத்தி. பழைய சக்கரத்தின் நல்ல இடைவெளி ஒன்றில் அந்தக் கத்தி உறைக்குள் போவது போலப் போய் உட்கார்ந்தது. லேத்தின் பின்பக்கம், அதே லேத்தோடு வந்த நாற்பத்தெட்டுப் பல் சக்கரம் ஒன்றை மாட்டி, ஸ்பிரிங் ஆணி ஒன்று அதன் பல்லுக்குள் விழும்படி வைத்தான். ஒரு இடைவெளி வெட்டு. ஆணியைத் தூக்கு, ஒரு பல் நகர்த்து, ஆணியை விடு. அடுத்தது வெட்டு. நாற்பத்தெட்டு முறை செய்தால் சக்கரம்.

கட்டையில் துளை போட்டது திங்கட்கிழமை. அன்று அவனுக்குப் பொறுமை இல்லை. பத்தொன்பது மில்லிமீட்டர் போட வேண்டிய இடத்தில் இருபத்தொன்று போய்விட்டது. கிரைண்டரின் மூக்கில் ஒன்பது பழைய பந்தய வளையங்களை மாட்டி, திணித்து, திருகை இறுக்கினான். பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

அவன் மனைவி ட்ரூடா சூப்புப் பாத்திரத்தோடு கொட்டகைக்குள் வந்தாள். பூண்டு தட்டிப் போட்ட ரொட்டி சூப். மேசையில் வைக்க இடம் இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏழா?"

"எண்ணத் தெரியுதில்ல. அப்புறம் எதுக்குக் கேக்குற?"

"காதுக்குத் தொங்கட்டானா மாட்டிக்கலாம். ஒரு ஜோடி கூட ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது போலிருக்கே."

"அங்க வெச்சுட்டுப் போ."

"எங்க வைக்கிறது, உன் தலையிலயா?" அவள் மூட்டை ஒன்றின் மேல் பாத்திரத்தை வைத்தாள். "அலோய்ஸ்கிட்ட இன்னொரு கடிகாரம் சும்மாதான் கிடக்கு. போன வாரமே சொன்னான். கேட்டா குடுத்துடுவான்."

"கேக்க மாட்டேன்."

"வாயத் தொறந்து மச்சான்னு கூட சொல்ல வேணாம். நானே வாங்கிட்டு வரேன்."

"ட்ரூடா. கேக்க மாட்டேன்னா கேக்க மாட்டேன்."

அலோய்ஸ் அவளுடைய அண்ணன். சங்கத்தில் கடிகாரங்களைச் சோதித்து முத்திரை போடுகிறவனும் அவன்தான். போன இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. லாரிக்காரன் அவசரப்படுத்தினான் என்று சங்கத்தில் இன்னொருவனான ஹூபெர்ட்டின் கடிகாரத்தை நாற்பது நிமிடத்திலேயே போதும் என்று அலோய்ஸ் முத்திரை போட்டுக் கொடுத்தான். அந்தப் பந்தயத்தில் ஹூபெர்ட்டின் புறா எர்வினின் புறாவை எட்டு விநாடி வித்தியாசத்தில் முந்தியது. அடுத்த கூட்டத்தில் எர்வின் நாற்காலி மேல் ஏறி நின்று, இருபத்து மூன்று பேர் முன்னால், "ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம்டா! அது தெரியாதவன் கையில எதுக்கு முத்திரை?" என்று கத்தினான். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ட்ரூடா தனியாகத்தான் போகிறாள்.

சூப் ஆறி, மேலே கொழுப்புப் படிந்தது. எர்வின் எட்டாவது வட்டத்தை மாட்டினான்.

அதுவும் அப்படியே. பத்து நல்ல பல், அப்புறம் கிறுக்கு.

வியாழக்கிழமை காலையிலிருந்து அவன் வெட்டவில்லை. குற்றவாளியைத் தேடினான். லேத்தின் சுழல் தண்டில், நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜை வைத்துப் பார்த்தான்; முள் மயிரிழை கூட நகரவில்லை. குறுக்கு ஸ்லைடைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். ஸ்பிரிங் ஆணி தளர்ந்திருக்குமோ என்று அதை மாற்றினான். கத்தியை மறுபடி தீட்டினான். கத்தியின் உயரம் வட்டத்தின் நடுவுக்குச் சரியாக வருகிறதா என்று நான்கு முறை அளந்தான். நான்கு முறையும் சரியாக வந்தது. எல்லாம் சரியாக இருந்து வேலை மட்டும் தப்பாக வந்தால் மனிதன் எதை உதைப்பான்? எர்வின் வாளியை உதைத்தான். எட்டு வட்டங்களும் தரையெங்கும் உருண்டன. அவனே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

மதியம் ட்ரூடா வந்தபோது அவன் வெறும் லேத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"சாப்பாடு வேணாமா?"

"முதப் பத்து எப்படி சரியா வருது? அத மட்டும் யாராவது சொல்லுங்க. மெஷின் கெட்டதுன்னா முதல்லயிருந்தே கெடணும். நான் கெட்டவன்னா நானும் முதல்லயிருந்தேதான்."

"நீ பத்து நிமிஷம் நல்லாத்தான் இருப்ப. கல்யாணத்தன்னிக்கே பார்த்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "வயரு குறுக்க விழுது. கொஞ்சம் பிடி. கத்தி மேல கேஜ் வெச்சு ஒருதடவை பாத்துடறேன். இது ஒண்ணுதான் பாக்காதது."

மெஷின் அணைந்திருந்தது. அவன் டயல் கேஜின் நுனியைக் கத்தியின் தண்டில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். ட்ரூடா வயரைத் தூக்கிப் பிடிக்கிற சாக்கில், நிமிர்ந்து நின்ற கிரைண்டரின் தலைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். சுரங்கத்தின் விளக்கு அறையில் முப்பது வருடம் நின்று வேலை பார்த்தவள். எங்கே நின்றாலும் எதிலாவது ஊன்றிக்கொள்வாள்.

முள் நகர்ந்தது.

"கைய எடு."

எடுத்தாள். முள் மெதுவாகப் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

"வை."

வைத்தாள். மறுபடி நகர்ந்தது. கால் மில்லிமீட்டர்.

"என்ன இது, பூசையில பாதிரியாருக்குத் தலை வணங்குற மாதிரி வணங்குது" என்றாள் ட்ரூடா. "உள்ள என்ன வெச்சு அடைச்சிருக்க?"

எர்வின் கேஜைத் துடைக்க ஆரம்பித்தான்.

"எர்வின். என்ன வெச்ச?"

"வளையம்."

"எந்த வளையம்?"

"எந்த வளையம்னா? நம்ம வீட்டுல வேற எந்த வளையம் இருக்கு?"

அவள் வயரைக் கீழே போட்டுவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவர்கள் வீட்டில் ஆடுகிற ஜன்னலுக்கு அந்த வளையம்தான். ஊறுகாய் ஜாடி மூடிக்கும் அதுதான். மூக்குக்கண்ணாடியின் கால் வழுக்கினால் அது, சைக்கிள் விளக்கு குலுங்கினால் அது. அந்தத் தெருவில் புறா வளர்க்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். சட்டைப்பையில் கையை விட்டால் சில்லறைக்கு முன்னால் வளையம் வரும்.

எர்வினுக்கு இப்போது முழுவதும் தெரிந்தது. மெஷின் குளிர்ந்திருக்கும்போது, ட்ரூடா ஊன்றுகிற அளவு பாரம் விழாதவரை, ரப்பர் விறைப்பாக நிற்கிறது. முதல் பத்துப் பல் நன்றாக வருகிறது. கிரைண்டரின் மூக்கு சூடாகச் சூடாக ரப்பர் இளகுகிறது. பித்தளையைத் தொட்டதும் கத்தி பின்வாங்கிச் சாய்கிறது. கையால் ஆட்டிப் பார்த்தவனுக்குக் கால் மில்லிமீட்டர் எப்படித் தெரியும்? எட்டு வட்டம், மூன்று நாள், ஒன்பது ரப்பர் வளையம்.

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

தெரிந்ததில் நிம்மதி எதுவும் வரவில்லை. ரப்பருக்குப் பதில் இடைவெளியை அடைக்க அலுமினியத்தில் ஒரு புஷ், ஒரு குழல் வளையம், கடைய வேண்டும். வெளியே இருபத்தொன்று, உள்ளே பத்தொன்பது, சுற்று ஒரு மில்லிமீட்டர் கனம். கடைய லேத் வேண்டும். லேத்தின் மேல் கிரைண்டர், கட்டை, ஆணி, பின்பக்கச் சக்கரம் எல்லாம் மூன்று நாள் அளந்து அளந்து பொருத்தியபடி நிற்கின்றன. புஷ் வேண்டுமென்றால் அத்தனையையும் கழற்ற வேண்டும். கழற்றினால் உயரம் போகும், நடு போகும், எல்லாம் முதலிலிருந்து.

கழற்றினான். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வசவு. முதல் புஷ் உள்விட்டம் பெரிதாகிப் போனது. அதைத் தரையில் போட்டு மிதித்துத் தட்டையாக்கிவிட்டு இரண்டாவதைக் கடைந்தான். ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்து, கிரைண்டரின் மூக்கில் ஏற்றிக் கட்டைக்குள் இறக்கி இறுக்கினான். டயல் கேஜை வைத்துவிட்டு, இந்தத் தடவை தானே தன் முழு எடையையும் கிரைண்டரின் தலைமேல் போட்டான். முள் செத்தது போலக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதாவது வட்டம். பத்தாவது பல்லில் மூச்சைப் பிடித்தான். பதினைந்து. இருபது. முப்பதாவதில் மேலே ஒரு புறா தொண்டையைச் செருமியது. "வாய மூடு" என்றான். நாற்பத்தெட்டாவது இடைவெளியை வெட்டியதும் கடைசிப் பல்லும் முதல் பல்லும் ஒரே பருமனில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவன் சந்தோஷப்பட மறந்துவிட்டான். மணி பதினொன்று. சக்கரத்தின் பிசிறைத் தேய்த்து, நடுத்துளை போட்டு, அச்சில் ஏற்றி, கடிகாரத்தைக் கோத்து முடித்தபோது மூன்றரை. சாவி கொடுத்தான். ஓடியது. சரியாக ஓடுகிறதா என்று வைத்துப் பார்க்க நேரமில்லை.

சங்கத்துக் கூடத்தில் ஐந்து மணிக்கு இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ரத்தச் சாஸேஜும் கடுகும் பீரும் புறா எச்சமும் கலந்த வாசனை. வாசலில் லாரி. 417 ஐ மடித்த கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் கடிகாரத்தோடு எர்வின் மேசைக்குப் போனான்.

அலோய்ஸ் நிமிர்ந்து பார்த்தான். பெட்டியை வாங்கித் தலைமைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்து, ஒரே நொடியில் இரண்டின் காகிதச் சுருளிலும் நேரத்தைக் குத்தி, பேரேட்டில் எழுதினான். ஐந்து பத்து.

ஆறு பத்துக்கு மறுபடி குத்தினான். காகிதத்தைக் கிழித்துக் கண்ணருகே கொண்டுபோனான்.

"ஒம்பது விநாடி பிந்துது."

பின்னால் யாரோ ஒருவன் விசிலடித்தான். எர்வின் மனசுக்குள் கணக்குப் போட்டான். பல்லில் தப்பில்லை. ஒரு பல் கூடக் குறைந்திருந்தால் நிமிடக் கணக்கில் போயிருக்கும். ஒன்பது விநாடி என்றால் வேகம் திருத்துகிற சின்ன நெம்புகோல்தான். பிரித்துக் கோத்ததில் நகர்ந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து, நெம்புகோலை நகத்தால் தொட்டதும் தொடாததுமாகத் தள்ளினான்.

"இன்னொரு தடவை வை" என்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் வார்த்தை அது.

"லாரி ஏழு மணிக்குக் கிளம்புது" என்றான் பின்னாலிருந்து ஹூபெர்ட்.

அலோய்ஸ் பெட்டியை வைத்தான், குத்தினான், எழுதினான். ஆறு இருபது.

ஆறு ஐம்பதுக்கு லாரிக்காரன் உள்ளே வந்தான். "ஏம்ப்பா, முடிஞ்சுதா? ஷோம்பியர்க்கில இன்னொரு சங்கம் காத்துக்கிட்டிருக்கு."

"அரை மணியில ரெண்டு விநாடிக்குள்ளதான் இருக்கும், போட்டுக் குடு அலோய்ஸ்" என்றான் ஒருவன். "வீட்டுக்குப் போகணும்."

"ஒரு பெட்டைக்கு நாங்க எல்லாம் உக்காந்திருக்கணுமா?"

அலோய்ஸ், ஈயத்தை நசுக்கி முத்திரையிடும் குறட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். போட்டுவிட்டால் பெட்டை ஏறிவிடும். போடாவிட்டால் லாரி போய்விடும். கையில் இருந்த பறவையின் இதயம் அவன் விரல்களில் அடித்தது. போடு என்று சொல்ல அவனால் முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அலோய்ஸ் முத்திரைக் குறட்டை மேசையில் வைத்தான். லாரிக்காரனைப் பார்த்து, "உக்காரு" என்றான். "ஒரு பீர் குடி. ஏழு இருபதுக்குக் குத்துவேன். அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி குத்தினாலும் என் மாப்ள நாற்காலி மேல ஏறிடுவான்."

கூடம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி முணுமுணுப்பாக மாறியது. முப்பது நிமிடமும் அந்த முணுமுணுப்பு முழுக்க எர்வின் மேல்தான். யாரும் அவனுக்கு நாற்காலி தரவில்லை. ஒருவன் அவன் காலருகே துப்பினான், தற்செயல் போல. எர்வின் 417 ஐப் பிடித்தபடி சுவரோரம் நின்றான். அது ஒருமுறை அவன் சட்டையில் எச்சமிட்டது.

ஏழு இருபதுக்கு அலோய்ஸ் குத்தினான். காகிதத்தைக் கிழித்தான்.

"ரெண்டு விநாடி."

பெட்டியில் ஈயத்தை வைத்துக் குறட்டால் அழுத்தினான். பேரேட்டைத் திருப்பித் தள்ளி, "கையெழுத்து" என்றான். எர்வின் போட்டான். அலோய்ஸ் காதைப் பெட்டியோடு வைத்து ஒரு கணம் கேட்டான்.

"சக்கரம் யாரு வெட்டினது?"

"நான்."

"ம்" என்றான் அலோய்ஸ். "அடுத்தவன் வரட்டும்."

அடுத்தவன் யாரும் இல்லை. அவன்தான் கடைசி. 417 ஐக் கூடைக்குள் விட்டதும் லாரிக்காரன் கதவை அறைந்து சாத்தினான்.

கடிகாரத்தைச் சாய்க்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எர்வின் வீடு வரை நடந்தான். ட்ரூடா படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"பெட்டை ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"அலோய்ஸ் என்ன சொன்னான்?"

"ஒரு மணி நேரம் முழுசா வெச்சான். லாரிய நிறுத்தி வெச்சு. எல்லாவனும் என்னைத் திட்டத் திட்ட."

"சரியாத்தானே செஞ்சிருக்கான்?"

"சரியாத்தான் செஞ்சான்" என்றான் எர்வின், பெட்டியை அலமாரியில் வைத்து. "அதான் எரியுது."